பிழைப்பும் கலையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஓவியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

யான் மேடைப் பேச்சாளன் அல்லன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதத் தொடங்கி, இன்று கணினியின் முன் அமர்ந்து விளம்பரமும், திருமண அழைப்பிதழும், கோயில் திருவிழாப் பிரசுரமும் வரைந்து பிழைப்பவன். மாதச் சம்பளம் எனக்கு இல்லை. வேலை வந்தால் உலை கொதிக்கும். வராவிட்டால் வாவிக் காற்றுத்தான். இன்று நம் ஊர் இளைஞர் பலர் இதே தொழிலை மேற்கொண்டு, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டாருக்கும் வரைந்து கொடுக்கின்றனர்.

இவர்களைப் பார்த்துப் பெரியோர் கேட்பது, “இதுவும் ஓர் உத்தியோகமா?” என்பது. இவர்கள் தம்மைத் தாமே கேட்பது, “என் கலையைக் காசுக்கு விற்றுவிட்டேனோ?” என்பது. இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அங்கே பயின்று வெளியேறிய இளைஞர்களுக்கு உத்தியோகம் அரிது. ஓவியத்தை வாங்குவோரும் அரியர். அவர்கள் என்ன செய்தனர்? ஓவியத்தைக் கைவிட்டனரா? இல்லை. பட்டினி கிடந்து பெருமை பேசினரா? அதுவும் இல்லை. மெழுகும் சாயமும் கொண்டு பத்திக் துணிகள் செய்தனர். வேறு கைப்பணிப் பொருள்களும் செய்தனர். ஒரு சங்கமாய்க் கூடி விற்றனர். அப்படிச் சேர்ந்த பணத்தில், 1966ஆம் ஆண்டு, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறினர். அதுவே சோழமண்டலம் ஓவியர் கிராமம். கைப்பணி வயிற்றைக் காத்தது. வயிறு நிறைந்ததனால், ‘இப்படி வரை’ என்று எவரும் கட்டளையிடாத ஓவியம் பிறந்தது. அக்கிராமம் இன்றும் இருக்கிறது.

ஓவியர் ஆதிமூலத்தையும் நினைத்துப் பாருங்கள். பத்திரிகைகளில் கதைகளுக்குப் படம் வரைந்தார். நூல்களின் அட்டைக்கு எழுத்து வடித்தார். அவை பிறர் கேட்டு வரைந்தவை. ஆனால் அவரது காந்தியடிகள் கோட்டோவியங்களும், வண்ணமே பொருளாய் அமைந்த பெரிய ஓவியங்களும் அவருடைய உள்ளம் கேட்டவை. 2008இல் அவர் மறைந்தபோது இரண்டுக்குமே தமிழர் தலைவணங்கினர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் பாடசாலைகளை நடத்தினார். பல்கலைக்கழகங்களில் பேராசிரியராகப் பணியாற்றினார். அத்தனை கடமைகளுக்கும் நடுவிலேதான் யாழ்நூல் உருவாயிற்று. அது வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே அடிகளும் மறைந்தார். ஓய்வு வரட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்நூல் நமக்குக் கிடைத்திருக்குமா?

இனி, காத்திருந்த ஒருவனின் கதையைச் சொல்கிறேன். அவன் யான்தான்.

என் தந்தையார் இவ்வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிந்து எங்களை வளர்த்தவர். விடியலில் அவர் வலை விரியும் அந்தக் கணத்தை வரைய வேண்டும் என்பது என் ஆசை. “அப்பா, ஒருநாள் உங்களை வரைய வேண்டும்” என்பேன். “கையிலிருக்கிற வேலையை முடி மகன், நான் எங்கே போகப் போகிறேன்?” என்பார். இப்படியே பதினோர் ஆண்டுகள் போயின. ஒரு வியாபாரியின் விளம்பரத்தை ஒன்பது முறை மாற்றி வரைந்தேன். கடைசியில் காசும் வரவில்லை. அந்த இரவுகளில் ஒன்றையேனும் அப்பாவுக்குக் கொடுத்திருக்கலாம். அவர் போய்விட்டார்.

இன்று வரைய அமர்கிறேன். வலையின் ஓரத்தை அவர் பல்லில் கடித்துப் பிடித்தாரா, தோளில் இட்டாரா? நினைவில்லை. வாவியில் வலை வீசும் முதியவர் ஒருவரைக் கேட்டேன். “ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கை, தம்பி” என்றார். அந்தக் கையைத்தான் யான் இழந்தேன்.

ஆதலால் இளைஞர்களே, கூலி வேலையை இழிவாக எண்ணாதீர்கள். அதனைச் செவ்வையாகச் செய்யுங்கள். முற்பணம் பெற்றே தொடங்குங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அப்படிக் காத்த நேரத்தில், நாளுக்கு ஒரு மணி நேரமாவது உங்கள் சொந்தத் தூரிகைக்கு ஒதுக்குங்கள். இரவில் களைத்த பின்னர் அன்று; மனம் தெளிந்திருக்கும் காலைப் பொழுதில்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை காசு வராத படம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தால், “வேறு வேலை இல்லையா?” என்று கேளாதீர்கள். அவன் முன் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். அவன் வரைவது உங்களையாகவும் இருக்கலாம்.

வாழ்க மன்றம்! வளர்க கலை!