கூடையைத் தூக்கினால் பட்டியல் கேளுங்கள்



குழுவில் கடன் வாங்கி டவுனில் பூ, காய், இட்லி, மீன் விற்கிறவங்க இங்கே நிறைய பேர் இருக்கீங்க. தவணையை நாள் தவறாமல் கட்டுறோம். ஆனா "கடையை எடு"ன்னு வண்டியோட வந்து நின்னா வாயடைச்சுப் போயிடுறோம்.

2014இல் நாடாளுமன்றம் சாலையோர வியாபாரிகள் சட்டம் போட்டிருக்கு. கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு இடம் மாற்றணும்னாலும் 30 நாள் நோட்டீஸ் தரணும். பொருளை எடுத்தால் பட்டியல் எழுதிக் கொடுக்கணும். கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தரணும். மற்றதை 2 வேலை நாளில். பூ வாடின பிறகு தந்து என்ன புண்ணியம்? அதை யோசிச்சு எழுதினவங்களைப் பாராட்டணும்.

சட்டம் டெல்லியில் போட்டது. நடத்துறது நம்ம நகராட்சி, பேரூராட்சி. அங்கே நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள், அவங்களே ஓட்டுப் போட்டு அனுப்பணும். அதில் மூணில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் குழுன்னா 6 வியாபாரிகள், 2 பெண்கள்.

குழு இருக்கா, கடைசியா எப்போ கூடிச்சு, கணக்கெடுப்பில் நம்ம பேர் இருக்கான்னு மனு எழுதிக் கேளுங்க. பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்க.

தேர்தல் வந்தா நம்மில் யார் நிற்கிறதுன்னு மட்டும் இன்றைக்கே பேசி வச்சுக்கலாம்.