குழாய் வருமுன் சங்கம் வரவேண்டும்

(மொனராகலையில் உழவர்களும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த மண்ணுக்கு வெல்லஸ்ஸ என்று பழைய பெயர் உண்டு. நூறாயிரம் வயல்கள் என்பது அதன் பொருள். அத்தனை வயல்களுக்கும் நீர் ஈந்த குளங்கள் எங்கே போயின? 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கிய படைகள் குளங்களையும் வயல்களையும் வீடுகளையும் பாழாக்கின. ஊவாவின் வறுமை வானம் பொய்த்ததால் மட்டும் வந்ததன்று; மனிதர் உண்டாக்கியது. ஆதலின் மனிதரால் நீக்கவும் கூடியது. மேலே மலைச்சரிவில் தேயிலையும் இறப்பரும் நட்டு உழைத்த தமிழ்த் தொழிலாளியின் வறுமையும் அவ்வகையினதே.

கிராமாபிவிருத்தி பற்றி எம்மைப் பேசச் சொன்னார்கள். முதலில் ஆபிரிக்காவுக்குப் போய் வருவோம். அங்குள்ள மலாவி நாட்டைப் பற்றி நம்மவர் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்நாட்டின் முலாஞ்சே மலையடிவாரத்தைக் கண்டால் ஹப்புத்தளையோ பசறையோ என்று ஐயுறத் தோன்றும். அங்கும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. 1964இல் சுதந்திரம் பெற்ற அந்நாடு 1960களின் பிற்பகுதியில் ஒரு வேலையைத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கும் ஓடைநீரை, இயந்திரம் எதுவுமின்றி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும் இயல்பைக் கொண்டு குழாய்வழியே கிராமங்களுக்குக் கொண்டுவருவதே அவ்வேலை. அரசாங்கம் குழாயும் பொறியியல் அறிவும் தந்தது. மைல் கணக்கான கான்களைக் கிராமத்து ஆண்களும் பெண்களும் மண்வெட்டி பிடித்து வெட்டினார்கள். குழாயடிக்கொரு குழு அமைத்துப் பராமரிப்பையும் அவர்களே ஏற்றார்கள். இலட்சக்கணக்கானோர் நல்ல நீர் பெற்றனர்.

தன்சானியாவிலும் அதே காலத்தில் ஒரு பெருந்திட்டம் நடந்தது. 1967ஆம் ஆண்டின் அருஷா பிரகடனத்தைத் தொடர்ந்து கூட்டுவாழ்வுக் கிராமங்கள் பற்றிய கொள்கை முன்வைக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. எனினும் 1973 முதல் 1976 வரை இலட்சோபலட்சம் மக்களை அவர்தம் குடியிருப்புகளிலிருந்து பெயர்த்துப் புதிய கிராமங்களில் இருத்தினார்கள். பல இடங்களில் பலவந்தமும் நிகழ்ந்தது. விளைச்சல் பெருகவில்லை. அது மக்களுக்காகத் தீட்டப்பட்ட திட்டம். மலாவியில் நடந்தது மக்கள் கைபோட்ட திட்டம். மலாவியிலும் குறை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய்கள் பழுதாயின, நீரூற்றுக் காடுகள் வெட்டப்பட்டன, குழுக்கள் தளர்ந்தன, பல குழாய்களில் நீர் நின்றது. குழாயைப் போடுவது சில மாத வேலை. குழுவை உயிரோடு வைத்திருப்பது ஒரு தலைமுறையின் வேலை.

நிற்க. எமது மாகாணத்துக்கு வருவோம்.

இங்கே திட்டங்களுக்குக் குறைவில்லை. மொனராகலை மாவட்டத்துக்கென நோர்வே நாட்டின் உதவியுடன் ஒருங்கிணைந்த கிராமாபிவிருத்தித் திட்டம் 1984இல் தொடங்கிற்று. அது வீதியும் கட்டடமும் குடிநீரும் என்று பல துறைகளில் பணி செய்தது. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, பின்னர் கமநெகும, திவிநெகும, கிராமசக்தி, 2023இல் அஸ்வெசும என்று அரசாங்கங்கள் மாறும்போதெல்லாம் பெயர்கள் மாறின. வேறெவர்க்கு வேலை கிடைத்ததோ இல்லையோ, பெயர்ப்பலகை எழுதுவோருக்கு வேலையில்லாத் திண்டாட்டம் ஏற்படவில்லை.

இவற்றுள் இரண்டை மட்டும் நாம் எடுத்துப் பேச விரும்புகிறோம். ஒன்று, உலக வங்கியின் கடனுதவியுடன் 1993 முதல் 1998 வரை பதுளை, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களில் நடந்த சமுதாயக் குடிநீர்த் திட்டம். மற்றது, 2004இல் ஊவாவிலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய கெமிதிரிய. இவ்விரண்டிலும் புதுமை ஒன்று இருந்தது. என்ன வேண்டும் என்பதைக் கந்தோர் தீர்மானிக்கவில்லை. கிராமம் கூடித் தீர்மானித்தது. கெமிதிரியவில் ஊரவர் தம் பெயரில் மக்கள் கம்பனி பதிந்தார்கள். பணம் அந்தக் கம்பனியின் கணக்குக்கே வந்தது. சீமெந்தும் கம்பியும் வாங்கியது ஊர்க்குழு. வாங்கிய விலை சரியா என்று பார்த்ததும் ஊரவரே தெரிந்த இன்னொரு குழு. பொறுப்புகளில் பெண்களுக்கும் இளைஞருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

குடிநீர்ச் சங்கத்தின் நடைமுறையைச் சிறிது விரிவாகவே சொல்வோம். உழவர்கள் கவனிக்க வேண்டுகிறோம். மேட்டில் ஊற்று, அதை அடுத்துச் சிறு அணை, கீழே மணல் படியும் தொட்டி, அதன்கீழ் சேமிப்புத் தொட்டி, அங்கிருந்து வீடுகளுக்குக் குழாய். இவ்வளவும் கொத்தனார் செய்யும் வேலை. இனித்தான் சங்கத்தின் வேலை. வீட்டுக்கொரு மானி வைக்கவேண்டும். மாதந்தோறும் கட்டணம் வாங்கவேண்டும். குழாய் வெடித்தால் அன்றே ஒட்டும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். ஊற்றுக்கு மேலே மரம் தறிப்பவரைத் தடுக்கவேண்டும். அவர் சங்கத் தலைவரின் மைத்துனராயிருந்தாலும் தடுக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை கணக்கை எல்லார்முன்னும் வாசிக்கவேண்டும். இவை நடக்கும் ஊரில், விடியுமுன் குடம் சுமந்து சென்ற பெண்ணுக்கு ஒரு நாளில் சில மணிநேரம் மீள்கிறது. அந்த நேரத்தில் அவள் தோட்டம் செய்கிறாள். பிள்ளையைப் பாடசாலைக்கு நேரத்தோடு அனுப்புகிறாள். நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுந்துள்ள மொனராகலை போன்ற வரண்ட பகுதிகளில், நல்ல நீர் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் காக்கிறது. வாழ்க்கைத்தர உயர்வு என்று நூல்கள் சொல்வதன் பொருள் எமக்கு இதுவே.

இனி, சொல்லியே தீரவேண்டிய ஒன்று. ஊற்று கிராம எல்லைக்குள் இருந்தால் சங்கம் அமையும், அரசாங்கப் பணம் வரும். அதே ஊற்று தோட்ட எல்லைக்குள் இருந்தால்? லயத்து மக்கள் பீலிக்கரையில் வரிசை நிற்பார்கள். பழுது பார்ப்பதற்குத் துரையின் தயவை எதிர்பார்ப்பார்கள். இந்த வேறுபாடு தற்செயலானதன்று. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கங்களின் வாக்குரிமையிலிருந்து இந்தியத் தோட்டத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. வழக்காடியும் ஒப்பந்தங்களில் பங்கிடப்பட்டும் அலைக்கழிந்து, 2003இல்தான் எஞ்சியோருக்கு அவ்வுரிமை முழுமையாகக் கிட்டிற்று. அதன் பின்னும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வழிமறித்தது. அதன் 33ஆம் பிரிவு கிராம அபிவிருத்தியைப் பேசிற்று. தோட்டம் கிராமமன்று என்று கொள்ளப்பட்டது. தொழிலாளி வாக்களித்துத் தெரிந்த சபையே அவன் வீட்டு வாயிலுக்கு ஒரு கல் பாதை போட இயலாதிருந்தது! முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்று, 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை பணிசெய்ய வழி திறந்தது.

வழி அடைபட்டிருந்ததன் விலை என்ன? வெல்லவாயாவிலிருந்து மேலேறும் வீதியில் கொஸ்லந்தை இருக்கிறது. அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. எல்லா உடல்களையும் மீட்கவும் இயலவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, எழுந்து வேறிடம் செல்ல மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தைக் கையிலெடுத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்க, அதிகாரம் பெற்ற ஊர்ச்சபையும் அவர்களுக்கு இருக்கவில்லை. கம்பனியும் அரசாங்கமும் ஒன்றையொன்று பார்த்திருந்தன என்பதே எமது கருத்து. அதைக் கூறுவதில் எமக்குத் தயக்கமில்லை.

சட்டம் திறந்த வழியில் நடப்பவர் இன்னும் சிலரே. பிரதேச சபைகள் ஆண்டிறுதியில் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுகின்றன. அதற்கு முன்னதாகத் தோட்டந்தோறும் மக்கள் கூடி, தமக்கு முதலில் வேண்டியது குடிநீரா, பாதையா, பிள்ளை மடுவமா என்று தீர்மானித்து, எழுதி, கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். அதைத் தமிழில் ஏற்பது அவர்கள் கடமை. இங்குள்ள ஆசிரியர்கள் அக்கடிதத்தை எழுத உதவவேண்டும். கணக்காளர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சங்கக் கணக்கேடுகளுக்குத் தரவேண்டும். வைத்தியர்கள் ஊற்றுநீரைச் சோதிப்பதற்கு வழிசெய்யவேண்டும்.

உழவர் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வயலுக்கு வரும் நீர் மேலே தேயிலைமலையில் பிறக்கிறது. அந்த ஊற்றைக் காப்பவரும் அசுத்தமாக்க வல்லவரும் தோட்டத்து மக்களே. கீழே சிங்களக் கிராமம், மேலே தமிழ்த் தோட்டம் என்று இரண்டு சங்கங்கள் வைத்து ஒரே ஓடைக்குச் சண்டையிடுவதைவிட, இருசாராரும் உறுப்பினராக அமையும் ஒரே சங்கம் நடத்துவது எளிது, செலவும் குறைவு. வரும் போகத்துக்குமுன் ஓரிடத்திலேனும் இதைத் தொடங்க விரும்புவோர், கூட்டம் கலையுமுன் தத்தம் தோட்டத்தின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.