பாஸ்புக்கே பாடப்புத்தகம்



1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் பழக ஏற்பாடு செய்தாங்க. கேலி பேசினவங்க உண்டு. ஆனா சைக்கிள் பழகின பொண்ணு பஸ்ஸுக்கும் வீட்டு ஆம்பளைக்கும் காத்திருக்காம வகுப்புக்கு வந்தா, வேலைக்கும் போனா.

எங்க குழுவில் முதியோர் வகுப்பு ரெண்டு தடவை ஆரம்பிச்சு நின்னுபோச்சுங்க. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்கு 'அம்மா, ஆடு' படிக்க எங்கீங்க பொறுமை? ஆனா அதுல ஒரு அக்கா, வெளியில் வாங்கின கடன் பத்திரத்தில் வட்டி எவ்வளவுன்னு படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாங்க. அப்புறம் எத்தனையோ ராத்திரி தூக்கமில்லை. பக்கத்தில் இருந்த நானும் படிச்சுக் காட்டலை.

இப்ப வாரக் கூட்டத்திலேயே அரை மணி நேரம், அவங்கவங்க பாஸ்புக்கை வெச்சுத்தான் பாடம். பேரு, தேதி, அசல், வட்டி... எழுத்தும் கணக்கும் அதிலேயே வந்துருதுங்க. போன வாரம் என் கூட்டலை அந்த அக்கா திருத்தினாங்க!

அடுத்து ஸ்கூட்டி பழகப் போறோம். எல்.எல்.ஆர். தேர்வுக்குச் சாலை விதிகளை அவங்களே படிச்சுட்டு வரணும், அவ்வளவுதான் நிபந்தனை. வண்டி நான் தர்றேன். கீழே போட்டாலும் பரவாயில்லீங்க.