துறவி நண்டின் வீடு



குவீன்ஸ்டவுன் நம் நாட்டின் முதல் துணைநகரம். 1953ஆம் ஆண்டு எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. குடும்பம் பெருகினால் பெரிய வீடு தேடுகிறோம். நாம் விட்டுவந்த வீட்டில் வேறொருவர் குடியேறுகிறார். இதே வழக்கமுள்ள ஓர் உயிரினம் நம் தென்கரைப் பாறைகளிடையே வாழ்கிறது. அதுதான் துறவி நண்டு.

மற்ற நண்டுகளுக்கு உடல் முழுவதும் கடினமான ஓடு உண்டு. துறவி நண்டுக்கோ முன்பாகம் மட்டுமே கடினம்; வயிற்றுப் பகுதி மென்மையானது, சுருண்டு வளைந்தது. ஆகவே, இறந்துபோன நத்தையின் காலி ஓட்டுக்குள் அது புகுந்துகொள்கிறது. வால் நுனியிலுள்ள கொக்கி போன்ற உறுப்புகளால் ஓட்டின் உட்புறத்தைப் பற்றிக்கொள்கிறது. நீர் வற்றிப் பாறை வெயிலில் காயும்போது, ஓட்டுக்குள் தேங்கிய ஈரமே அதன் செவுள்களைக் காக்கிறது.

நண்டு வளரும், நத்தை ஓடு வளராது. எனவே அது வேறு வீடு பார்க்க வேண்டும். கிடைத்த ஓட்டைப் புரட்டி, கொடுக்கை உள்ளே விட்டு அளந்து பார்க்கும். பொருந்தினால் நொடியில் மாறிவிடும். அது விட்ட ஓட்டுக்கு அதைவிடச் சிறிய நண்டு வரும், அதனுடையதற்கு இன்னொன்று. இப்படி ஒரே ஒரு காலி ஓடு கிடைத்தால் பல நண்டுகளுக்கு வீட்டுக் குறை தீர்கிறது.

அப்படியானால், நாம் அழகென்று பொறுக்கி வரும் ஒரு சங்கு எத்தனை குடும்பங்களின் வீடு என்று எண்ணிப் பாருங்கள்!

1955 வரை சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்த கோக்கோஸ் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வு, 2019இல் வெளியிடப்பட்டது. கரை ஒதுங்கிய நெகிழிக் குப்பிகளுக்குள் சிக்கி, ஏறத்தாழ 508,000 நிலவாழ் துறவி நண்டுகள் மடிந்திருக்கும் என்று அது கணக்கிட்டது. வழுவழுப்பான குப்பிக்குள் விழுந்த நண்டால் ஏறி வெளிவர முடிவதில்லை. அது இறந்ததும் எழும் வாடை, 'இங்கே ஓர் ஓடு காலி' என்று மற்ற நண்டுகளுக்குச் செய்தி சொல்கிறது. வீடு தேடி வந்தவையும் அங்கேயே மாள்கின்றன.

ஆகையால், அடுத்த முறை கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, சங்கைக் கையிலெடுத்துக் காட்டுவோம். பிறகு எடுத்த இடத்திலேயே வைப்போம். நாம் கொண்டுபோன குப்பியை மட்டும் மறவாமல் திரும்ப எடுத்து வருவோம்.