ஒரு வெள்ளி மருந்து



தோட்டத்து முச்சந்தியில் மளிகைக் கடை நடத்துபவன் நான். கடைக்காரனுக்கு எதிலும் முதலில் கண்ணில் படுவது செலவுக் கணக்குதான்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் வெளிநோயாளியாகச் சென்றால் கட்டணம் 1 வெள்ளி. மருந்தும் அதில் அடக்கம். 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண உத்தரவு வகுத்த முறை இது.

ஆனால், என் கடைக்கு வரும் பாட்டி ஒருவருக்கு அந்த 1 வெள்ளி மருந்து 60 வெள்ளிச் செலவு வைத்துவிட்டது. மூட்டுவலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி வந்திருக்கிறார். வயிற்றெரிச்சல் தாங்காமல் தனியார் டாக்டரிடம் ஓடினார். பொட்டலத்தில் ‘செலெபாஸ் மாக்கான்’ என்றிருந்தது. சாப்பிட்ட பின் என்று பொருள். பாட்டி மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது.

பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாப் பொட்டலமும் ஒரே வெள்ளை. ஒரே பொடி எழுத்து. என் கடையில் பச்சரிசிக்குச் சிவப்புக் கயிறு, புழுங்கலரிசிக்குப் பச்சைக் கயிறு. எழுத்தறியாதவரும் மாற்றி எடுப்பதில்லை.

இதையே வீட்டில் செய்யலாமே! ‘செபெலும் மாக்கான்’ என்றால் சாப்பிடுமுன். ‘தீகா காலி செஹாரி’ என்றால் நாளுக்கு மூன்று வேளை. பள்ளி செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, சாப்பிட்ட பின் என்றால் சோற்றுத் தட்டு என்று பொட்டலத்தின்மேல் வரையச் சொல்லுங்கள்.

விளங்காவிட்டால் மருந்து கொடுப்பவரிடமே கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. கேளாமல் விட்டால்தான் செலவு.