புறம் பட்டு, அகம் பருத்தி



தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் குஜராத்தில் குடியேறியிருக்கும் தமிழர்களாகிய நாம், பாட்டன் நகரத்துப் படோலாச் சேலையின் புகழை நன்கு அறிவோம். அதே நகரில் நெய்யப்படும் மற்றோர் ஆடையை நம்மிற் பலர் அறியோம். அதன் பெயர் மஷ்ரூ.

'அனுமதிக்கப்பட்டது' என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். ஆடவர் தூய பட்டாடை உடுத்தலாகாது என்பது இஸ்லாமிய மரபு. மரபையும் மீறாமல், பட்டின் அழகையும் இழக்காமல் இருக்க நெசவாளர் கண்ட வழியே மஷ்ரூ. அதன் பாவு பட்டு, ஊடை பருத்தி. பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டு தெரியும். உடுத்தவர் மேனியில் பருத்தி படும். வெப்பம் மிகுந்த நாட்டிற்கு இதனினும் ஏற்ற ஆடை வேறு யாது?

இதன் நுட்பம் நெசவில் உள்ளது. சாதாரணத் துணியில் பாவிழை ஓர் ஊடையின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாறி மாறிச் செல்லும். மஷ்ரூவிலோ, பாவிழை பல ஊடைகளின் மேல் மிதந்து சென்று, பின்னர் ஒன்றன் கீழ் மட்டும் புகும். ஆதலின் பட்டு முழுவதும் முகப்பில் திரள்கிறது. பருத்தி பின்னே தங்குகிறது. குறுக்கிடும் முடிச்சுகள் குறைவாதலால் ஒளி தடையின்றிப் படர்கிறது. தொட்ட கை வழுக்குகிறது. குழித்தறியில் அமர்ந்த நெசவாளரின் கால்கள் பல மிதிகட்டைகளை முறை பிறழாமல் மிதிக்க வேண்டும். ஒருமுறை தவறினும் துணியில் வடுத் தெரியும். நெய்த துணியை அலசிக் கஞ்சியிட்டு, மரக்கொட்டாப்புளியால் அடித்து மெருகேற்றுவர்.

முற்காலத்தில் இத்துணி துருக்கியப் பேரரசு வரை சென்று விலை போயிற்று. ஒரு சமயத்தாரின் நெறியிற் பிறந்த இத்துணி, கச்சுப் பகுதியில் பல இந்து சமூகப் பெண்களின் பாவாடையும் இரவிக்கையும் ஆயிற்று.

20ஆம் நூற்றாண்டில் விலை மலிவான ரேயான், பட்டின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இன்று பாட்டனிலும் மாண்டவியிலும் இதனைக் கையால் நெய்வோர் மிகச் சிலரே. கோடுகளையும் அலைவடிவங்களையும் மட்டும் அச்சிட்ட போலித் துணிகள் சந்தையில் அவர்களோடு போட்டியிடுகின்றன. பட்டு போய் ரேயான் வந்தபோதும் மஷ்ரூ பிழைத்தது. உள்ளே இருக்கும் பருத்தியும் அந்த நெசவும் போய்விட்டால் பெயர்தான் எஞ்சும்.

மதுரையிலும் பரமக்குடியிலும் வாழும் சௌராஷ்டிர மக்கள், இந்த மேற்குக் கரையிலிருந்து நெசவைச் சுமந்து வந்தவர்கள் என்பது மரபு. அவர்களுடைய பட்டைத் தமிழகம் விரும்பி உடுத்தது. அவர்கள் புறப்பட்ட மண்ணில் இன்று வாழும் நாம், இந்நாட்டு நெசவாளருக்கு அந்த ஆதரவைத் திருப்பித் தரலாம் அன்றோ?

கடைக்குச் சென்றால் துணியின் முகப்பை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். திருப்பிப் பாருங்கள். முகப்பு மின்ன, உட்புறம் மங்கலாக, மென்மையான பருத்தியாக இருத்தல் வேண்டும். கையால் நெய்ததா என்றும் கேளுங்கள். வாங்கிய பின், வளையலிலும் கொலுசிலும் இழை மாட்டாதவாறு காத்து உடுத்துங்கள். நாம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு கெஜமும், ஒரு தறி நின்றுவிடாமல் இருக்கத் துணை செய்யும்.