அட்டையில் ஒரு வரி

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி)



உங்களில் பலர் பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை அனுப்பி இந்த ஊழியத்தைத் தாங்கி வருகிறீர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெண்கள் ஐக்கியத்தாரும், எங்கள் நோயாளிகளின் பிறந்தநாளுக்கென்று ஒரே அட்டையில் எல்லாரும் எழுதி அனுப்புகிறீர்கள். "இத்தனை பேர் எழுதும்போது நாங்கள் என்னதான் எழுதுவது?" என்று சிலர் கேட்டதுண்டு. அதைக் குறித்துச் சொல்லுமுன், நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பிசியோதெரபி பிரிவில் பணிசெய்யும் சகோதரியின் பிறந்தநாளுக்காக ஒரு பெரிய அட்டையைச் சுற்றுக்கு விட்டோம். முதலில் எழுதினவர்கள் நடுவில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். அடுத்தவர்கள் அதைப் பார்த்து அதையே எழுதினார்கள். முப்பது பேரின் கையெழுத்து. ஆனால் எல்லாம் "பிறந்தநாள் வாழ்த்துக்கள், கர்த்தர் ஆசீர்வதிப்பாராக" என்ற ஒரே வரி. இடமும் தீர்ந்துவிட்டது. தொழுநோய் வார்டுக்கு அட்டை போகவேயில்லை. அங்கே உள்ளவர்களுக்கு எழுதுவது சிரமம் என்று நாங்களாகவே தீர்மானித்துவிட்டோம்.

அன்று மாலை அந்த வார்டில் ஒரு பெரியவர், "அந்தம்மாவுக்கு எல்லாரும் எழுதினீங்களாமே, எங்கிட்ட ஏன் கொண்டு வரல?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

தொழுநோய் இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகிறது. ஆனால் நெடுநாளாகக் கெட்டுப்போன நரம்பையும் மடங்கிப்போன விரல்களையும் மருந்து நிமிர்த்துவதில்லை. 1940களின் பிற்பகுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், நன்றாக இயங்கும் ஒரு தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி இப்படிப்பட்ட கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அந்த வழியில்தான் இந்தப் பெரியவரின் வலது கைக்கும் சிகிச்சை நடந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் தசைநாணுக்கு அதன் புது வேலையைப் பழக்க வேண்டும். அதற்காக அந்தச் சகோதரி தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்ளரைப் பிடிப்பதும் பேனாவைப் பிடிப்பதும் அந்தப் பயிற்சியில் சேர்ந்தவை. அவரைப் பேனா பிடிக்கப் பழக்கினவருக்கு அவர் எழுத நாங்கள் இடம் வைக்கவில்லை!

அட்டைக்குள் வேறொரு தாளை ஒட்டி அவரிடம் கொண்டுபோனோம். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, கோணல் எழுத்தில், "இப்ப நானே சோறு பிசஞ்சு சாப்பிடுறேன்" என்று எழுதித் தம் பெயரையும் போட்டார். சகோதரி முப்பது வாழ்த்துக்களையும் புன்னகையோடு வாசித்தார். இந்த ஒரு வரியில் நின்றுவிட்டார். அந்தத் தாள் இன்றும் அவருடைய மேஜைக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை நாம் பெயர்ப் பட்டியல் என்று வேகமாய்த் தாண்டிவிடுகிறோம். பவுல் அங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்களை வாழ்த்துகிறார். பலருக்குக் கிடைப்பது ஒரே வரி. ஆனாலும் பெர்சியாளின் பிரயாசத்தை நினைக்கிறார். ரூப்பின் தாயார் தமக்கும் தாயாயிருந்ததை நினைக்கிறார். நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுவும் தன் வாழ்த்தைச் சொல்ல அங்கே இடம் கிடைத்தது.

ஆகையால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். முதலில் எழுதுகிறவர் ஓரத்தில் சிறிதாக எழுதுங்கள். பின்னால் வருகிறவருக்கு இடம் வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி சொல்வதை ஒருவர் எழுதட்டும். பாட்டி கைரேகை வைக்கட்டும். "சீக்கிரம் வீடு திரும்புங்கள்" என்று எழுதுமுன் யோசியுங்கள்; வீட்டார் திரும்ப அழைத்துக்கொள்ளாத சிலரும் எங்களிடம் இருக்கிறார்கள். நோயாளியைத் தெரியாதே என்று கலங்க வேண்டாம். உங்களைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். "எங்கள் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது" என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அதை வாங்கின அம்மாள் வார்டு முழுவதும் அந்தச் செய்தியைச் சொல்லி மகிழ்ந்தார். ஒரு வாரம் கழித்து, "குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள்" என்றார்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்தாகவும் மாவுக்கட்டாகவும் மாறுகிறது. அதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறோம். நீங்கள் எழுதும் வரியோ எழுதினபடியே கட்டிலுக்கு வந்து சேருகிறது. அடுத்த அட்டை உங்கள் சபையில் சுற்றி வரும்போது இந்தப் பெரியவரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒவ்வொருவரையும் கர்த்தர் பெயர்பெயராய் அறிந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.